ஆளுக்கொரு ஜுஸ்வு

— விரலை எடுக்காம இன்னொரு தடவை ஓதுங்க மச்சான்.

— விரல் மறைக்குதுளா சுலைகா. இருவது வருஷம் சுண்ணாம்புக் குழியில தோல் முக்கின விரலு. வீங்கிப் போயி ஒரு எழுத்தை அப்படியே மூடிக்கிடுது.

— சாக்குச் சொல்லாதிய. அலிஃபுக்கு ஜபர்?

— அ. ஜேர் இ. பேஷ் உ. அதெல்லாம் நோன்புக்கு முன்னாலயே பாடமாயிட்டு. இந்தப் புள்ளியத்தான் என்னால நம்ப முடியல. ஒரே கிண்ணம். மேல ரெண்டு புள்ளி வச்சா ஒண்ணு, கீழ ஒத்தப் புள்ளி வச்சா வேற ஒண்ணு. ஒரு ஈ வந்து எச்சம் போட்டுட்டுப் போனா என்ன ஆவும்?

— ஈ ஓத வராது. நீங்க ஓதுங்க.

— சிரிக்காத. அடுத்த ரூம் பிச்சையா காதுல விழுந்துச்சோ, கரீம் பாட்சா அம்பது வயசுல பொண்டாட்டிகிட்ட அரபு எழுத்துப் படிக்கான்னு நாக்கா முக்கு வரைக்கும் கொட்டடிச்சிருவான். அவன் நல்லவன் மாதிரிதான் இருப்பான்.

— பிச்சையா அண்ணன் ஷிஃப்டுக்குப் போயாச்சு. இந்தச் சால் வரிசையில உங்க சந்தேகத்துக்குத் தப்பின ஆளே கிடையாதா?

— இல்ல. சரி, இந்தா, பக்கம் முடிஞ்சுது. எம்புட்டு நேரமாச்சு?

— உலை வச்சு சோறும் வடிச்சுட்டேன்.

— ஒரு பக்கத்துக்கு ஒரு உலை! குர்ஆன்ல ஒரு ஜுஸ்வுக்கு இருவது பக்கம். அப்துல் ரவூப் வீட்டுல அஸர் தொழுதுட்டு உக்காருதவன், பொழுதடைய மஃரிபுக்குள்ள முடிச்சுட்டு சலோன்னு எந்திரிச்சிருவான். நான் ரெண்டு பக்கத்துல முட்டிக்கிட்டு நிப்பேன். நான் போகல.

— அவரு பொஞ்சாதி மௌத்தாகி இன்னைக்கு மூணாம் நாளு, அவளுக்குக் குர்ஆன் ஓதுத நாளு. ஒரே தோல்ஷாப்புல உங்களோட நின்ன ஆளு. போகலைன்னா என்ன நினைப்பாரு?

— காய்ச்சல்னு சொல்லிரு.

— நான் பொய் சொல்ல மாட்டேன்.

— அப்பம் எப்பவும் போலப் போறேன். ஆளுக்கொரு ஜுஸ்வு குடுப்பாவ. வாங்குவேன். உதட்டை ஆட்டுவேன். பக்கத்துல இருக்கவன் தாளைத் திருப்பினா நானும் திருப்புவேன். ஏன் அப்படிப் பாக்கே?

— நீங்க சொல்லுங்க. கேட்டுக்கிட்டுத்தான இருக்கேன்.

— சொல்லத்தான் செய்யணும். நீ சொல்லித் தர ஆரம்பிச்ச ஆறு மாசமாச் சொல்ல வந்து வந்து நிறுத்துதேன். முப்பது பேரு முப்பது ஜுஸ்வு ஓதினாத்தான் குர்ஆன் முழுசாவும். நான் போய் உக்காந்த வீட்டுல எல்லாம் இருவத்தொம்பதுதான். இருவத்தேழு மய்யித்து வீடு சுலைகா! இருவத்தேழு பேரை அரைகுறையா அனுப்பி வச்சுருக்கேன். சோறு மட்டும் முழுசாத் தின்னுட்டு வந்துருக்கேன்.

— யாருகிட்டயாவது சொன்னியளா?

— எவனை நம்பிச் சொல்ல? பள்ளிவாசல் ஹஜ்ரத்துகிட்டச் சொன்னா வெள்ளிக்கிழமை ஜும்ஆவுல பேரு சொல்லாமப் பேசுவாரு. பேரு சொன்ன மாதிரி எல்லாப் பயலும் என்னையத் திரும்பிப் பாப்பான்.

— சரி, விடுங்க.

— விடக் கூடாது. மொத வீடு எதுன்னு கேளு.

— எது?

— உன் வாப்பா வீடுதான். சுதந்திரம் கெடச்ச மறுவருஷம், இதே தாராவியில. புது மாப்பிள்ளைன்னு முன்னால உக்கார வச்சுட்டானுவ. ஓதத் தெரியாதுன்னு சொல்ல வாய் வரல. உன் வாப்பாவுக்குப் பதினொண்ணாவது ஜுஸ்வு ஓதலைளா. வையணும்னா வையி. ஒவ்வொரு வீட்டுக்கா இனிமே ஓதிரலாம்னு பாக்கேன். இந்த வேகத்துல போனா அதுக்குள்ள என் மய்யித்தைத் தூக்கிருவானுவ.

— வாப்பாவுக்கு அப்பமே ஓதியாச்சு.

— யாரு ஓதினா?

— நான்தான். ஏழு வயசுல ஓதி முடிச்சவல்லா? திரைக்குப் பின்னால இருந்து உங்களைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். ரெண்டு தாளு ஒட்டிக்கிட்டு ஒண்ணாத் திரும்புச்சு. உங்க உதடு நிக்கவே இல்ல.

— யா அல்லாஹ்!

— அதுக்குப் பெறவு நீங்க எந்த வீட்டுக்குப் போயிட்டு வந்தாலும் எத்தனாவது ஜுஸ்வுன்னு கேப்பேன். நீங்களும் பெருமையாச் சொல்லுவிய. மறுநா நீங்க வேலைக்குப் போனதும் அதை எடுத்து ஓதிருவேன்.

— இருவத்தேழுமா?

— இருவத்தேழுந்தான். நான் அம்மை போட்டுக் கிடந்தப்பம் ஒண்ணு மட்டும் பத்து நாள் பிந்திட்டு.

— பதினெட்டு வருஷமா மூச்சு விடலியே நீ! ஊர்ல உள்ளவனை எல்லாம் சந்தேகப்பட்டேன். கூடப் படுத்திருந்த கள்ளியை விட்டுட்டேன் பாரு.

— சொல்லிருந்தா நீங்க எந்த மய்யித்து வீட்டுக்கும் போயிருக்க மாட்டிய. கிளம்புங்க. ரவூப் வீட்டுல ஓத முடிஞ்ச வரைக்கும் நெசமா ஓதுங்க. மிச்சத்தை வந்து சொன்னா நான் பாத்துக்கிடுதேன்.

— நெஞ்சுல இருந்து மூட்டை இறங்கின மாதிரி இருக்குளா. ஆனா ஒண்ணு கேக்கணும். எல்லாத்தையும் நீயே ஓதிருவேன்னா, என்னைய எதுக்கு ஆறு மாசமாப் போட்டு வதைக்கே? நான் கேட்டேனா? நீயாத்தான வந்து சொல்லித் தாரேன்னே? அப்பமே நினைச்சேன், இதுல என்னமோ இருக்குன்னு.

— நேரமாவுது. தொப்பிய எடுத்துக்கிட்டுப் போங்க.

— காரணத்தைச் சொல்லு. சொல்லாம இந்த எடத்தை விட்டு அசைய மாட்டேன்.

— என் மூணாம் நாளன்னைக்கும் உங்க கையில ஒரு ஜுஸ்வு குடுப்பாவல்லா மச்சான், அதை நான் வந்து ஓத முடியாதே.