பேச வராத பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்

மேடையிலிருக்கும் தலைமையாசிரியர் அவர்களே, வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு வந்திருக்கும் பெற்றோர்களே, முன்வரிசையில் காலாட்டிக்கொண்டிருக்கும் பிள்ளைகளே, வணக்கம்.

நம் அட்டை டீச்சரைப் பற்றிப் பேச என்னை அழைத்தார்கள். பத்தொன்பது வருடம் அடுத்த அறையில் பாடம் நடத்தியவள், இவளுக்குத் தெரியாததா என்று நினைத்திருப்பார்கள். எனக்கு என்ன தெரியும்? ஒருநாள்கூட அவர் பக்கத்தில் உட்கார்ந்து நான் சாப்பிட்டதில்லை.

டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளுக்குச் சட்டைப் பொத்தான் போடச் சொல்லித் தந்தால் போதும் என்று நாங்கள் இருந்த காலம். வாசிக்கவும் கற்றுத் தருவேன் என்று அவர் நின்றார். ஆசிரியர் அறையில் சிரித்தோம். நானும் சிரித்தேன். அன்றோடு அந்த அறைக்கு வருவதை அவர் நிறுத்திக்கொண்டார். மதிய இடைவேளையில் தன் வகுப்பிலேயே தனியாக அட்டை வெட்டுவார். அப்பா படம், அம்மா படம், ஒவ்வொன்றின் கீழும் பெரிய எழுத்தில் அந்தச் சொல். பிள்ளைக்குப் பழகியதும் படத்தை எடுத்துவிடுவார். சொல் மட்டும் நிற்கும்.

மூன்றாம் வரிசையில் இருக்கும் லாரி ஓட்டுநர் அண்ணன் தன் ஐந்து வயது மகனைக் கொண்டுவந்தபோது கேட்டார்: "பேச்சே வரலையே, இவனுக்குப் படிப்பு எதுக்கு டீச்சர்?"

"பேச்சு வரலைங்கிறதாலதாங்க படிக்க வைக்கிறேன். காதுல கேட்டது இவனுக்கு நிக்க மாட்டேங்குது. கண்ணால பாத்தது நிக்கும்."

எட்டு மாதம்! ஒரு மாலை, கூட்டிப் போக வந்த தகப்பன் கையில் அந்தப் பையன், அப்பா என்ற சொல் மட்டும் இருந்த அட்டையைத் தேடி எடுத்து வைத்து, "ப்பா" என்றான். அதுதான் அவன் சொன்ன முதல் சொல். அண்ணன் என் வகுப்பு வாசலில் வந்து தண்ணீர் கேட்டு வாங்கி, குடிக்காமல் நின்றார்.

அன்றாவது நான் போய் டீச்சர் கையைப் பிடித்திருக்க வேண்டாமா? வெட்கம் தடுத்தது. பிறகு பேசாமலிருப்பதே பழகிப்போனது.

கடைசியில் டீச்சர் பதினோரு நாள் மருத்துவமனையில் கிடந்தார். கூட யாருமில்லையா என்று செவிலியர் என்னைக் கேட்டார். நான் போனது ஒரே தடவை, பத்து நிமிடம். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். அதற்குள் டீச்சர் ஆறு வயது சிட்டுவைப் பற்றிக் கேட்டார்.

"அவளுக்குப் பல் அட்டையும் பால் அட்டையும் இன்னும் குழம்புது. நீங்க கொஞ்சம் பாக்கறீங்களா?"

பார்க்கிறேன் என்றேன். நான் போய் வந்த மூன்றாம் நாள் அவர் இறந்துபோனார். கேட்க வேண்டியதை நான் கேட்கவே இல்லை.

திங்கட்கிழமை அவர் வகுப்புக்குப் போனேன். ஆறு பிள்ளைகளும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாற்காலியில் உட்காரப் போனேன். சிட்டு அதன்மேல் கை வைத்து மறித்தாள். அது டீச்சருடையது.

தரையில் உட்கார்ந்தேன். இரண்டு அட்டைகளை வைத்து, பால் எது என்றேன். தப்பாக எடுத்தாள். மறுபடி வைத்தேன்.

பெற்றோர்களே, பிள்ளைகளை நிறுத்திவிடாதீர்கள். அவரளவுக்கு எனக்குத் தெரியாது. ஆனால் அந்த வகுப்பு நடக்கும். நாளைக் காலையும் நான் அந்தத் தரையில்தான் இருப்பேன்.