யார் வேண்டுமானாலும் வரலாம்

— இந்த ஒரு வரிக்கு மட்டும் அர்த்தம் சொல்லுங்க டீச்சர், நான் போயிடறேன். ‘யார் வேண்டுமானாலும் வரலாம்.’ நீங்க அடிச்சு ஒட்டின நோட்டீஸ்தானே இது?

— எங்களோடதுதான் சார். முதல்ல உக்காருங்க. மாடி ஏறி வந்ததுல மூச்சு வாங்குது உங்களுக்கு.

— உக்கார வரல. ஊர்ல இருக்கற லிஃப்டையெல்லாம் ரிப்பேர் பாக்கறவன் நான், உங்க வாசலுக்குப் படியேறித்தான் வர வேண்டியிருக்கு. அது கிடக்கட்டும். இதை எங்க பாத்தேன் தெரியுமா? ஒரு லிஃப்டுக்குள்ள. கதவு மாட்டிக்கிச்சுன்னு கூப்பிட்டாங்க, போனேன். ஸ்க்ரூவைக் கழட்டிட்டு நிமிர்றேன், மூஞ்சிக்கு நேரா இது. இடம் இடமாப் போய் வெட்டவெளியில உக்காந்து படம் வரையற வகுப்பு. கூரை கிடையாது, சுவர் கிடையாது, யார் வேண்டுமானாலும் வரலாம். கீழே உங்க பேரு. கையில ஸ்க்ரூடிரைவரோட அப்படியே நின்னுட்டேன்.

— டேய் தம்பி, சாருக்குத் தண்ணி கொண்டு வா.

— கொண்டு வரேன்க்கா. நீ முதல்ல அண்ணன்கிட்ட விஷயத்தைச் சொல்லிடு.

— தண்ணி கொண்டு வான்னேன்.

— சரிக்கா. நான் வாயே திறக்கல.

— யாரு டீச்சர் இது?

— என் தம்பி. வேன் அவனோடது. வகுப்புக்கு அவன்தான் ஓட்டப் போறான்.

— கீழே நிக்கிற வெள்ளை வேனா? பாத்தேன். பின்னாடி சீட்டெல்லாம் கழட்டிப் போட்டிருக்கு. மடக்கு ஸ்டூலு, வரையற பலகை, பெரிய குடை, எல்லாத்தையும் அடுக்க இடம் பண்ணியிருக்கீங்க. ரொம்ப சந்தோஷம். குடைக்கு இடம் இருக்கு, என் பாப்பாவுக்குத்தான் இடம் இல்ல.

— சார், அப்படி இல்ல.

— பின்ன எப்படி? ஆறாவதுலேர்ந்து நீங்கதான் அவளுக்கு டிராயிங் டீச்சர். வருஷத்துக்கு ஒரு நாள் பிள்ளைங்களை வரிசையா ஏரிக்கரைக்குக் கூட்டிட்டுப் போவீங்க. என் பொண்ணு சக்கர நாற்காலியில இருக்கான்னு அவளை மட்டும் வகுப்புலயே விட்டுட்டுப் போவீங்க. மேஜை மேல ஒரு பூ ஜாடி. ‘நீ இதை வரைம்மா.’ மறு வருஷமும் அதே ஜாடி. பிளாஸ்டிக் பூ, வாடிப் போனாலாவது வரையறதுக்குப் புதுசா ஏதாவது கிடைச்சிருக்கும். வீட்ல ஒரு பெட்டி நிறைய ஜாடியாக் கிடக்கு டீச்சர். வர்றவங்க கேக்கறாங்க, பாப்பா பானைக்கடை வைக்கப் போறாளான்னு.

— அந்த ஜாடியை நான் வைக்கல சார்.

— வேற யாரு வச்சா?

— ஹெட்மிஸ்ட்ரஸ். ஒவ்வொரு வருஷமும் அவங்க ரூம்ல போய் நின்னேன். ‘அவளையும் கூட்டிட்டுப் போறேன், நானே தள்ளிக்கறேன்’னேன். ‘விழுந்தா யாரு பொறுப்பு’ன்னாங்க. நான்தான் பொறுப்புன்னா, ‘நீங்க யாரும்மா பொறுப்பெடுக்க, சம்பளத்துக்கு வந்தவங்க’ன்னாங்க. கடைசி வருஷம் நான் ஏரிக்கே போகல. பிள்ளைங்களை வேற டீச்சரோட அனுப்பிட்டு, உங்க பொண்ணு பக்கத்துல உக்காந்து நானும் அந்த ஜாடியை வரைஞ்சேன். அதுக்கு எனக்கு மெமோ கொடுத்தாங்க. வாங்கின கையோட வேலையை விட்டுட்டேன். உங்களுக்கு வர்ற கோபம் எனக்கும் வந்ததுதான் சார்.

— இது எனக்குத் தெரியாதே.

— யார்கிட்டயும் சொல்லல.

— சரி. அவங்க பண்ணது அவங்களோட போகட்டும். இப்ப ஹெட்மிஸ்ட்ரஸ் கிடையாது, மெமோ கிடையாது. உங்க வகுப்பு, உங்க வேன், உங்க இஷ்டம். இப்பவும் என் பாப்பா ஞாபகம் வரலையே உங்களுக்கு. முன்னப்பின்ன தெரியாதவங்க ஒதுக்கினா சண்டை போட்டுட்டு வந்துடுவேன். நல்லவங்கன்னு நினைச்சவங்க ஒதுக்கினா வயிறு எரியுது டீச்சர்.

— அண்ணே, தண்ணி.

— அங்க வை. சுவர்ல இருக்கற மேப்தான் நீங்க போற வழியா? சிவப்புப் பொட்டு வச்சிருக்கே.

— ஆமா சார். முதல்ல காய்கறி மார்க்கெட்.

— மார்க்கெட்ல மூட்டை இறங்கற நேரத்துல மனுஷன் நடக்க முடியுமா? சக்கரம் எப்படிப் போகும்?

— முன்வாசல்ல போகாது. பின்னாடி மொத்த வியாபாரக் கொட்டகை இருக்கில்ல, அங்க மேடைக்குச் சரிவு போட்டிருக்காங்க. கைவண்டி ஏறுற இடத்துல நாற்காலியும் ஏறும்.

— ஏறும். சரி. அடுத்தது என்ன, படகு கட்டற இடமா? அங்க முழுக்க மணலு. முன் சக்கரம் புதைஞ்சா ஆனை வந்தாத்தான் இழுக்க முடியும்.

— தண்ணி வரைக்கும் பலகை போட்டிருக்காங்கண்ணே. படகை உருட்டிட்டுப் போறதுக்கு.

— டேய்.

— இல்லக்கா, நான் வாயே திறக்கல.

— கல்குவாரின்னு போட்டிருக்கே. கல்குவாரில போய் எதை வரையப் போறீங்க?

— வெட்டின கல்லுச் சுவர்ல சாயங்கால வெயில் விழறதை சார். லாரி இறங்கற பாதை அடி வரைக்கும் போகுது. நாமளும் அதுலயே இறங்கிடலாம்.

— அப்புறம் பஸ் டிப்போ.

— அது முழுக்க சமதளம்.

— நல்லாத்தான் இருக்கு. எந்த இடத்தைக் கேட்டாலும் சக்கரம் போகும், சக்கரம் போகும்ங்கறீங்க. தேடித் தேடி சக்கரம் போற இடமாப் பிடிச்சு வச்சுட்டு, சக்கரத்துல வர்றவளை மட்டும் வீட்ல விட்டுட்டுப் போறது என்ன நியாயம் டீச்சர்? நீங்களே சொல்லுங்க.

— அக்கா, இதுக்கு மேல என்னால முடியாது.

— அவளே சொல்றேன்னு சொல்லியிருக்காடா.

— அது எப்ப வாயைத் திறந்து சொல்றது, இவர் எப்ப அடங்கறது? அண்ணே, அந்த சீட்டைக் குடைக்காகக் கழட்டல. உங்க பொண்ணுக்காகத்தான் கழட்டினேன். நாற்காலியோட அப்படியே ஏத்தி மாட்டிக்கற மாதிரி தரையில கொக்கி அடிச்சிருக்கேன். மேப்ல இருக்கற பொட்டு ஒண்ணுகூட அக்கா வச்சது இல்ல. எல்லாம் உங்க பொண்ணு வச்சது.

— என் பாப்பாவா?

— நோட்டீஸ் அடிக்கறதுக்கு முன்னாடியே அவகிட்டதான் போய்க் கேட்டேன் சார். அவ இல்லன்னா இந்த வகுப்பே இல்ல. கல்குவாரியெல்லாம் எனக்கா தோணும்? ‘பூ இருக்கற இடத்துக்குக் கூப்பிட்டா வரவே மாட்டேன் மிஸ்’னு முதல்லயே சொல்லிட்டா. நாங்க மூணு பேருமா ஒவ்வொரு இடமாப் போய்ப் பாத்துட்டு வந்தோம்.

— எப்போ போனீங்க?

— சனிக்கிழமையில. காலேஜ் வாசல்லேர்ந்து தம்பி கூட்டிட்டு வருவான்.

— சனிக்கிழமை காலேஜ்ல அவளுக்கு டைப்பிங் கிளாஸ். நான்தானே கொண்டு போய் விடறேன்.

— டைப்பிங் கிளாஸ்னு ஒண்ணு கிடையாதுண்ணே.

— ஓஹோ. நான் இறக்கி விட்டுட்டு இந்தப் பக்கம் திரும்புவேன், நீங்க அந்தப் பக்கம் ஏத்திட்டுப் போவீங்க. பெத்தவன்கிட்ட ஒரு வார்த்தை கிடையாது. குவாரில ஒரு கல்லு உருண்டு வந்திருந்தா? மார்க்கெட்ல எவனாவது இடிச்சுத் தள்ளியிருந்தா?

— யாரும் இடிக்கலண்ணே. ஒரு ஆளு மட்டும் பிச்சைக்கு உக்காந்திருக்குன்னு நினைச்சு மடியில ஒரு பழத்தைப் போட்டுட்டுப் போனான்.

— யாரு அவன்? எந்தக் கடைக்காரன்?

— சார், இருங்க.

— என்ன இருக்கறது? என் பொண்ணு மடியில எவனோ பழத்தைப் போடுவான், நான் இருக்கணுமா? எந்தக் கடைன்னு கேக்கறேன்ல.

— அவளே கவனிச்சுக்கிட்டா சார். அவரைத் திரும்பக் கூப்பிட்டுப் பழத்தைக் கையில கொடுத்தா. ‘இதைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே நில்லுங்க, அசையாதீங்க’ன்னா. அந்த மனுஷன் வியாபாரத்தை விட்டுட்டு, அவ வரைஞ்சு முடிக்கற வரைக்கும் கையில பழத்தோட நின்னார். முடிச்சதும் படத்தைக் காட்டினா. வெக்கப்பட்டுக்கிட்டுப் போயிட்டார்.

— எனக்குச் சொல்லலையே. சாயங்காலம் வந்து சாப்பிட்டா, படுத்தா. ஒரு வார்த்தை சொல்லலையே.

— நான் உங்ககிட்ட வந்து சொல்லியிருக்கணும் சார், நீங்க திட்டறது நியாயம்தான். ஆனா அவளுக்குப் பத்தொம்பது வயசாகுது. அவ பேச்சை மீறி நான் எப்படிச் சொல்றது?

— அவ வயசு எனக்குத் தெரியாதா? அவ அம்மா போனப்போ கைக்குழந்தை. அன்னையிலேர்ந்து தூக்கறது, இறக்கறது, குளிப்பாட்டறது எல்லாம் இந்தக் கை. ஊர்ல எல்லாருக்கும் பொத்தானை அமுக்கினாத்தான் லிஃப்ட் வரும். என் பாப்பா நிமிர்ந்து பாத்தாப் போதும், நான் வந்து நிப்பேன். அவ என்கிட்ட பொய் சொல்லிட்டுப் போகணுமா? கேட்டிருந்தா வேண்டாம்னா சொல்லியிருப்பேன்?

— வேண்டாம்னு சொல்லமாட்டீங்கன்னு அவளுக்கு நல்லாத் தெரியும் சார்.

— அப்புறம் என்ன வந்துச்சு?

— அதை அவ...

— சரி விடுங்க. அந்தக் கோபத்தை நான் வீட்ல போய் வச்சுக்கறேன். பாப்பா வர்றாங்கறீங்கல்ல? அது போதும். நான் லீவு போட்டுடறேன்.

— சார்.

— வகுப்பு முடியற வரைக்கும் போட்டுடறேன். ஊர்ல ரெண்டு லிஃப்டு நின்னாத்தான் என்ன, ஜனங்க கொஞ்சம் படி ஏறட்டும். நான் முன்னாடி தம்பி பக்கத்துல உக்காந்துக்கறேன். அவன் அடிச்ச கொக்கியை ஒரு தடவை இழுத்துப் பாக்கணும், அது கிடக்கட்டும். குடை நான் பிடிக்கறேன். பென்சில் நான் சீவறேன். தள்ளறது, தூக்கறது எதுக்கும் நீங்க யாரும் கை வைக்க வேண்டாம். எவனாவது மடியில பழத்தைப் போட வந்தா அதை நான் பேசிக்கறேன்.

— சார், ஒரு நிமிஷம் நான் சொல்றதை...

— உங்களுக்குத் தெரியாது டீச்சர், போன வருஷம் அவளை அருவிக்குக் கூட்டிட்டுப் போனேன். ஒரே பாறை, வழுக்கல், கூட்டம் வேற. ‘வழி விடுங்க, வழி விடுங்க’ன்னு கத்திக்கிட்டே ரெண்டு கையில ஏந்திக்கிட்டு உச்சிப் பாறை வரைக்கும் போயிட்டேன். ஜனம் மொத்தமும் அருவியை விட்டுட்டு எங்களைத்தான் திரும்பிப் பாத்துச்சு. ஒரு அம்மா கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. ஒரு பையன் போன்ல படம்கூடப் பிடிச்சான்.

— அங்க அவ வரைஞ்சாளா சார்?

— எங்க வரைஞ்சா? நோட்டை மடியில கவுத்து வச்சுக்கிட்டு குனிஞ்ச தலை நிமிரல. களைப்பா இருந்திருக்கும்.

— களைப்பு இல்ல சார்.

— பின்ன?

— இந்த வகுப்புக்கு வர்றதுக்கு அவ ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்கா. அதை அவ வாயால உங்ககிட்ட சொல்றேன்னுதான் தள்ளிப் போட்டுக்கிட்டே இருக்கா. சொல்ல முடியல அவளால.

— என்ன நிபந்தனை?

— நீங்க கூட வரக்கூடாதுன்னு.

— யாரு?

— நீங்கதான் சார்.

— பொய்.

— பொய் இல்லண்ணே. நானும் இருந்தேன்.

— நீ சும்மா இரு தம்பி. டீச்சர், நீங்க சொல்லுங்க. அவளுக்கு நான் என்ன குறை வச்சேன்?

— ஒரு குறையும் வைக்கல. அவளும் அப்படித்தான் சொன்னா. ‘அப்பா வந்தா எல்லாரும் என்னையே பாக்கறாங்க மிஸ். நான் ஒரு தடவை எல்லாரையும் பாக்கணும்’னா. சொல்லிட்டு அழுதுட்டா. ‘இதை அப்பாகிட்ட எப்படிச் சொல்றது, அவர் உடைஞ்சு போயிடுவாரே’ன்னு.

— அண்ணே, தண்ணி குடிங்க.

— திட்டணும்னா என்னைத் திட்டுங்க சார். வீட்டுக்குப் போய் அவளை ஒண்ணும் கேக்காதீங்க.

— அந்த அருவியில டீச்சர்... யாரு யாரு எங்களைப் பாக்கறாங்கன்னு நானும் பாத்துட்டுத்தான் நின்னேன். அவ முகத்தைப் பாக்கல.

— சார்.

— தம்பி, இங்க வா. வேன்ல ஏத்தி இறக்கறது யாரு?

— நான்தாண்ணே. சரிவுப் பலகை ஒண்ணு செஞ்சு வச்சிருக்கேன்.

— இறக்கும்போது ஆளு முகம் எந்தப் பக்கம் இருக்கணும்?

— வேனைப் பாத்த மாதிரிண்ணே. பின்பக்கமாத்தான் இறக்கணும். முன்பக்கமா இறக்கினா குப்புற விழுந்துடும்.

— அது உனக்கு யாரு சொன்னா?

— உங்க பொண்ணுதான். திட்டித் திட்டிச் சொல்லிக் கொடுத்துச்சு.

— அவ திட்டுவாளா?

— அதை ஏன் கேக்கறீங்க. வாயைத் திறந்தா மூட மாட்டேங்குது.

— என்கிட்ட ஒரு நாளும் திட்டினதில்ல. பழகறதுக்கு நாற்காலி வச்சிருக்கியா?

— கீழே ஒரு பழைய நாற்காலி இருக்குண்ணே. ஆஸ்பத்திரில கழிச்சுப் போட்டது. சிமெண்ட் மூட்டையை உக்கார வச்சு ஏத்தி இறக்கிப் பழகறேன்.

— மூட்டைக்கு என்னடா தெரியும்? பலகையை எடுத்துப் போடு, நான் வரேன்.

— எங்க சார் கிளம்பிட்டீங்க? கடைத்தெரு, இந்த நேரத்துக்குக் கீழே ஒரே கூட்டமா இருக்கும்.

— இருக்கட்டும் டீச்சர். தம்பி, நாற்காலியில நான் உக்காந்துக்கறேன், நீ என்னை ஏத்தி இறக்கிக் காட்டு. தெருவே நின்னு பாத்தாலும் பாத்துட்டுப் போகட்டும்.