முன்னுக்கு நிற்கும் பேர்

— பேர் எனக்குத் தெரியும், தம்பி. ஆனால் சொல்லமாட்டன்.

— ஐயா, மகளின்ரை புருசன்ரை பேர் இல்லாமல் இந்தக் கொம்பியூட்டரிலை தேடேலாது. காலமை தொடக்கம் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறன்.

— பத்து வருசத்துக்கு முந்தி மாதா சுரூபத்துக்கு முன்னாலை சத்தியம் பண்ணினனான். என்ரை பெட்டையைக் கூட்டிக்கொண்டு ஓடினவன்ரை பேர் இந்த இன்னாசித்தம்பியின்ரை வாயிலை வராது.

— அப்ப எழுதித் தாங்கோவன்.

— உமக்குப் பகிடியாய்க் கிடக்கு. வாயிலை வராதது கையிலை மட்டும் வருமோ?

— சரி, சரி. மகள் சிசிலியா. மாப்பிள்ளை மயிலிட்டிச் சைவப் பெடியன். வடகரைக் கடற்றொழில் குடும்பம் அறுநூற்று நாப்பதை இதுக்குள்ளை ஏத்தி வைச்சிருக்கிறன். அதிலை ஒரு சிசிலியாவும் இல்லை. கலியாணத்தோடை பேரை மாத்தியிருப்பினம்.

— ஞானஸ்நானப் பேரையோ? சேசுவே!

— நீங்கள் மயிலிட்டிக்குப் போய் விசாரிக்கேல்லையோ?

— போனனான். பேர் சொல்லாமல் என்னெண்டு விசாரிக்கிறது? 'கறுவல், உயரம், சுருட்டைத் தலை' எண்டன். கடற்கரையிலை அரைவாசிப்பேர் திரும்பிப் பாத்தாங்கள்.

— ஹஹ்ஹா...

— சிரியாதையும். என்ரை மனுசி மூண்டு கிழமையாய்த் தெல்லிப்பழை ஆசுப்பத்திரியிலை கிடக்கிறா. வயித்திலை கட்டி. வாற செவ்வாய் ஒப்பிரேசன். 'அதுக்கு முந்திச் சிசிலியாவைத் தேடிக் கூட்டிக்கொண்டு வாங்கோ' எண்டு ஒவ்வொரு பின்னேரமும் கையைப் பிடிச்சு அழுறா. சுவாமியார்தான் சொன்னவர், திருநெல்வேலிக் கம்பசிலை தில்லைநாதன் எண்டொரு பெடியன் குடும்ப வரலாறு சேர்க்கிறான், போய்ப் பார் எண்டு.

— மன்னியுங்கோ ஐயா. அப்ப தேப்பன்ரை பேராலை தேடுவம்.

— உதை முதலே செய்திருக்கலாமே?

— அதிலைதான் ஒரு பிழை. கதிரையை இஞ்சாலை இழுங்கோ, வடிவாய்க் காட்டுறன். உங்கடை மனுசியின்ரை முழுப்பேர்?

— இன்னாசித்தம்பி செபமாலை.

— அடிச்சிட்டன். 'இவ ஆர்?' எண்டு கேக்கிறன். பாருங்கோ, மறுமொழி வருது.

— உது இங்கிலீசு. நீரே வாசியும்.

— 'செபமாலை, இன்னாசித்தம்பியின்ரை மகள்.'

— எட அறுவானே! நாப்பது வருசம் குடும்பம் நடத்தின மனுசியை எனக்கு மகளாக்கிப்போட்டுது!

— மெசின் சொன்னதைத்தான் செய்யும். பிழை என்னிலை. பேருக்கு முன்னுக்கு நிக்கிறது தேப்பன் எண்டு படிப்பிச்சுவிட்டன். ஆம்பிளையளுக்கு அது சாகுமட்டும் சரி. பொம்பிளையளுக்கோ, கலியாணத்தண்டைக்குத் தேப்பன் இறங்கப் புருசன் ஏறியிடுவார். நான் அதை யோசிக்கேல்லை.

— இவ்வளவு படிச்ச பெடியன்!

— போன மாசம் அம்மாதான் கண்டுபிடிச்சவ. 'உன்ரை மெசினிலை நான் உனக்கு அக்காவாய்க் கிடக்கிறன்' எண்டா.

— ஹே ஹே! நல்லாய்ச் சொன்னா. அப்ப பொம்பிளையளின்ரை தேப்பன்மார் எங்கை போச்சினம்?

— போகேல்லை. கேட்டு எழுதினது எல்லாம் 'குறிப்பு' எண்ட மூலைக்குள்ளை கிடக்குது. அந்த மூலைக்குள்ளை தேட மெசினுக்குத் தெரியாது. இப்ப ரெண்டு கட்டம் புதுசாய் வைக்கப்போறன். ஒண்டு பிறந்த வீட்டுப் பேருக்கு, மற்றது புகுந்த வீட்டுப் பேருக்கு. ஒண்டு வந்தால் மற்றது அழியாது. குறிப்பிலை கிடக்கிற தேப்பன்மாரை இழுத்து முதல் கட்டத்திலை இருத்தச் சொல்லி ஒரு கட்டளை எழுதினால் சரி.

— எவ்வளவு நேரம்?

— கரண்ட் போகாட்டில் முக்கால் மணித்தியாலம். பிளேன்ரீ குடிப்பியளோ?

— கொண்டாரும். வரேக்கை பலாலி றோட்டிலை ரெண்டு இடத்திலை ஆமிக்காரங்கள் பஸ்சாலை இறக்கிச் செக் பண்ணினாங்கள். தொண்டை வறண்டுபோச்சு.

— இந்தாங்கோ. இனிக் கொஞ்சம் கதைக்காமல் இருக்கோணும்.

— ...தம்பி, ரெண்டாவது பிளேன்ரீயும் முடிஞ்சுது.

— என்ரை வேலையும் முடிஞ்சுது. முதல் உங்கடை மனுசியைச் சரிப்படுத்துவம். அவவின்ரை தேப்பன்?

— யாகோப்பு.

— பிறந்த வீடு யாகோப்பு, புகுந்த வீடு இன்னாசித்தம்பி. இப்ப கேக்கிறன்... 'செபமாலை, யாகோப்பின்ரை மகள், இன்னாசித்தம்பியின்ரை மனைவி.'

— அப்பாடா. மனுசியைத் திருப்பித் தந்திட்டீர். மகளையும் தாரும்.

— உங்கடை பேரைப் பிறந்த வீட்டுக் கட்டத்திலை தேடுறன். ஓடுது... ஓடுது... ஐயா!

— என்ன, என்ன?

— ஒரேயொரு ஆள் வருது. மீனாம்பிகை. பிறந்த வீடு இன்னாசித்தம்பி, குருநகர். 'முந்தின பேர் சிசிலியா, வீட்டிலை இப்பவும் சிசிலி எண்டுதான் கூப்பிடுறது.' மூண்டு பிள்ளையள். மயிலிட்டியிலை இருந்து மாறி இப்ப மல்லாகத்திலை.

— மூண்டோ! மாதாவே, மூண்டோ!

— புருசன்ரை பேரை வாசிக்கட்டோ?

— வேண்டாம். காதிலையும் விழக்கூடாது.

— சரி. ஆனால் குறிப்பு நீளமாய்க் கிடக்குது. 'மாமனார் வீடு' எண்டு போட்டு, இன்னாசித்தம்பி. அவற்றை தேப்பன் கனிசியஸ். தாய் லூர்த்தம்மா...

— நில்லும். என்ரை அப்பற்றை பேரை ஆர் உதுக்குள்ளை கொண்டுவந்தது?

— மருமகன்தான். தன்ரை ஆக்களோடை உங்கடை ஆக்களையும் ஒண்டும் விடாமல் சொல்லியிருக்கிறார்.

— தம்பிஐயாவோ? தம்பிஐயாவோ என்ரை அம்மா அப்பாவையெல்லாம் எழுதி வைச்சவன்?

— ஐயா, பேர்... சத்தியம்...

— சத்தியத்தை நான் பாத்துக்கொள்ளுறன். நீர் வாசியும்.

— 'மாமி செபமாலை, உயிரோடை இருக்கிறா. தெல்லிப்பழை ஆசுப்பத்திரி.' இது போன புதன்கிழமை திருத்தினது. அண்டைக்கு நான் இல்லை, என்னோடை வேலை செய்யிற கமலாவதி அக்கா எழுதினவ.

— ஆசுப்பத்திரிக் கதை அவனுக்கு எப்பிடித் தெரியும்?

— அதுக்கும் ஒரு கட்டம் இருக்குது ஐயா. ஒரு செய்தியை ஏத்தினால், அது எப்பிடித் தெரியும் எண்டதையும் பக்கத்திலை ஏத்தவேணும். இல்லாட்டில் நாளைக்கு ஒருத்தரும் நம்பமாட்டினம். அதாலைதான் நான்...

— வாசியுமன், தம்பி!

— 'மனைவி சொன்னது. ஆசுப்பத்திரியிலை சேர்த்த நாள் தொடக்கம் ஒவ்வொரு நாளும் மத்தியானம் தாய்க்குக் கஞ்சி கொண்டுபோய்ப் பருக்கிப்போட்டு, பின்னேரம் தேப்பன் வர முந்தி வெளிக்கிடுறவ.'

— ஒவ்வொரு நாளுமோ?

— அப்பிடித்தான் போட்டுக் கிடக்குது.

— பின்னை ஏன்... பின்னை ஏன் செபமாலை 'சிசிலியாவைத் தேடிக் கூட்டிக்கொண்டு வாங்கோ' எண்டு என்னட்டை அழுதவ?

— மகள் கிடைக்காமல் இருந்தது அவவுக்கு இல்லை ஐயா, உங்களுக்குத்தான்.