பென்சிலில் மூன்று சுற்று

எங்கே ஒற்று மிகும் என்பதில் எனக்கு இன்னும் தடுமாற்றம்தான், ஐயா. இதை எழுதும்போதே இரண்டு இடத்தில் சந்தேகம். முன்பெல்லாம் அக்கா திருத்திக் கொடுப்பார்.

அக்கா என்றால் உறவில்லை. அச்சகத்தில் பிழை திருத்தி ஓய்வு பெற்றவர். மூன்றாம் மாடியில் தனியாக இருந்தார். வெளிநாட்டுத் தங்கையைத் தினமும் திரையில் பார்ப்பதற்காக இணைய இணைப்பு வாங்கினார். ஒளியைக் கொண்டுபோகும் கண்ணாடி இழைக் கம்பியை இழுத்துக் கொடுத்தவன் நான். அந்த வீட்டுக்குள் செல்போன் சிக்னல் கிடையாது. பேசுவதெல்லாம் அந்த இணைப்பில்தான். அது நின்றால் தெருவுக்கு இறங்கி வந்துதான் என்னைக் கூப்பிட முடியும்.

முதல் பழுது உண்மையானது. சரிசெய்துகொண்டிருந்தபோது என் பையில் இருந்த மாலை வகுப்புக் கட்டுரையை எடுத்துப் பார்த்தார்.

"என்னப்பா, ஒளிய மட்டும் மூணு மாடி ஏத்திக் கொண்டு வர்ற, ஒற்றெழுத்த வழியிலேயே விட்டுட்டு வர்றியே. உட்காரு."

ஒரு பென்சிலும் கொடுத்தார். நான் வேலைக்குப் போன எந்த வீட்டிலும் என்னை உட்காரச் சொன்னதில்லை.

பிறகு பழுதே வரவில்லை. இப்போதைய கண்ணாடி இழை வளைத்தாலும் ஒளியை விடாது. கதவு மூலையில் மடித்துக்கூடக் கொண்டு போகலாம். அதனால்தான் சாதாரண வீடுகளுக்கும் மலிவாகப் போட முடிகிறது. இரண்டு மாதம் பொறுத்தேன். பிறகு மாடிப்படிப் பெட்டிக்குள் பழைய ரக இழையில் ஒரு முழம் இடையே சேர்த்தேன். அது வளைந்தால் ஒளியைச் சிந்திவிடும். அதை அக்கா கொடுத்த பென்சிலில் ஒரு சுற்றுச் சுற்றினால் படம் திக்கும். மூன்று சுற்று என்றால் இருட்டு. என் நாட்குறிப்பில் தேதியோடு இருக்கிறது, பதினான்கு முறை.

"நீ வந்தாத்தான் இதுக்கு உசுரு வருது தம்பி. என்னைக் கண்டா முறைச்சுக்குது," என்பார். "சரி, கட்டுரைய எடு."

பதினைந்தாவது முறை, திங்கட்கிழமை. தேர்வு நெருங்கியிருந்தது. மூன்று சுற்றுச் சுற்றினேன். செவ்வாய்க்கிழமை அழைப்பு வரவில்லை. புதன்கிழமையும் இல்லை. என்னை மறந்துவிட்டார் என்று மனம் கசந்தது. வேண்டுமென்றால் அவரே இறங்கி வந்து கூப்பிடட்டும் என்று விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை கதவை உடைத்தார்கள். குளியலறை வாசலில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. இரண்டு நாளாவது உயிரோடு இருந்திருப்பார் என்றார் மருத்துவர். அவர் கையிலிருந்த போனைக் காவல் நிலையத்தில் நீங்கள்தான் எனக்குக் காட்டினீர்கள். தங்கைக்கு நான்கு முறை, எனக்குப் பத்தொன்பது முறை முயன்றிருந்தார். ஒன்றும் போகவில்லை.

நான் தவறாக நினைத்துவிட்டேன், ஐயா. அவர் என்னை மறக்கவே இல்லை.