கடைசியில் விடும் அமைதி

நல்ல குரலுக்கு வெந்நீர் ஒன்றே போதும், இன்ஸ்பெக்டர் மேடம். பனங்கற்கண்டு, அதிமதுரம் என்பதெல்லாம் சும்மா. செங்கல்பட்டுக் கடைத்தெருவில் மூன்று தலைமுறையாக அவற்றை விற்பவர்கள் நாங்கள். எங்கள் வீட்டில் யாருக்காவது தொண்டை கட்டினால் வெந்நீர்தான்.

என் குரலை மட்டும் நான் விற்றதில்லை. பதிப்புரிமைக் காலம் முடிந்துபோன பழைய புத்தகங்களை வாய்விட்டுப் படித்து, பதிவுசெய்து, இணையத்தில் இலவசமாக ஏற்றும் குழு ஒன்று உண்டு. அதில் நான் தொண்டன். "டப்பு வராத வேலைக்கு இன்னாத்துக்குடா தொண்ட வத்த கத்திகினு கீற?" என்பார் நைனா. அவருக்குப் புரியாது. கடையில் ஒரு சொல் சொன்னால் ஒன்பது எதிர்ச்சொல் வரும். மைக் முன்னால் யாரும் பேரம் பேசுவதில்லை.

பெஞ்சமின் பேசினான்.

ஒருவர் படித்ததை இன்னொருவர் கேட்டு, சரி என்ற பிறகுதான் அத்தியாயம் வெளியே போகும். என் பதிவுகளைக் கேட்பவன் கூடுவாஞ்சேரி பெஞ்சமின். கல்லூரியில் படிக்கும்போது அவனுக்குப் பார்வை போய்விட்டது. பரிதாபப்படலாம் என்று போனால், அவன் முந்திக்கொண்டு உங்களைப் பார்த்துப் பரிதாபப்பட்டுவிடுவான். "இன்னா மச்சான், அங்க ஒருத்தி புருசன பறிகொடுத்துட்டு அழுவுறா. நீ புளி எட போடுற மாதிரி படிக்கிற" என்பான். அத்தியாயம் முடிந்ததும் சிறிது நேரம் அமைதி விடவேண்டும் என்பது குழுவின் வழக்கம். அதிலும் குறை. "கடைசி வார்த்த காதுல எறங்கறதுக்குள்ள ஷட்டர இழுத்து வுட்டா எப்டி? அமைதி வுடு மச்சான்."

குரலைக் குறை சொன்னதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். விளையாட்டு மேசை வேறு.

சனிக்கிழமைகளில் அவன் தங்கை ஜெனிட்டாவின் வீட்டில் கூடி ரோல்பிளே விளையாடுவோம். சாகசக் கதையை எழுதி வருபவன் நான். கோட்டை, குகை, சாபம். எதிரே என்ன இருக்கிறது என்று நான் சொல்வேன். என்ன செய்யப்போகிறோம் என்று அவர்கள் சொல்லிப் பகடை உருட்டுவார்கள். எங்கள் மேசையில் இரண்டே சட்டம். கதைசொல்லி பொய் சொல்லக் கூடாது; அவன் பாலம் என்றால் அங்கே பாலம் உண்டு. கதைசொல்லி வாயை மூடினால் முறை ஆட்டக்காரருடையது. நினைத்ததைச் செய்துவிட வேண்டும். அந்த அறையில் எல்லோரும் குருடர்கள், மேடம். என் வாய்தான் கண்.

பிறகு பெஞ்சமினும் கதை சொல்ல ஆரம்பித்தான். நான் சொல்லும்போது கைபேசியை நோண்டியவர்கள், அவன் சொல்லும்போது டீ ஆறுவது தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

அந்த வாரமே, குழுவை நடத்தும் வினிதா போன் செய்தாள். "அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க. அந்தப் புக்க ஜெனிட்டா மொதல்லேர்ந்து படிக்கட்டும்னு பெஞ்சமின் சொல்றாரு. அவரு காது தப்பாது." ஒரு வருஷமாக நான் படித்துக்கொண்டிருந்த புத்தகம் அது. பரவாயில்லைம்மா என்றேன். பேரத்தில் தோற்றவன் சிரித்துக்கொண்டு எழுந்திருக்க வேண்டும். அப்போதுதான் எதிராளி கடையைத் திறந்தே வைத்திருப்பான்.

ஒரே ஒரு ஆட்டக்காரருக்காக ஒரு சாகசம் எழுதினேன். கடலுக்குள் இருக்கும் கோட்டை; கல்லுக்குக் கல் தாண்டித்தான் போக வேண்டும். நிஜ அலைச் சத்தத்தோடு பதிவுசெய்யலாம், வெளியே போய் ஆடுவோம் என்றதும் பெஞ்சமினுக்குத் தலைகால் புரியவில்லை. புதுப்பட்டினம் தாண்டி, கடலரிப்பைத் தடுக்கப் பாறைகளைக் கொட்டி நீட்டிய தூண்டில் வளைவு ஒன்று இருக்கிறது. மழைக்காலம், கடல் கொந்தளித்ததால் படகு எதுவும் போகவில்லை. கருவாட்டுக் கூடையோடு போன வச்சலா எங்களைப் பார்த்து நின்றாள்.

"யோவ், கண்ணு தெரியாதவர எங்க இட்டுகினு போற? பாசி வழுக்கும்யா."

நான் பதில் சொல்வதற்குள் பெஞ்சமின் சிரித்தான். "பயப்படாதக்கா. கத சொல்றப்ப மட்டும் இவன் பொய் சொல்ல மாட்டான். மத்த நேரத்துக்கு நான் கேரண்டி இல்ல."

அவள் தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டாள். உங்களிடம் அவள் சொன்னதெல்லாம் உண்மைதான்.

பாறை தொடங்கும் இடத்தில் கதையில் ஒரு காவல்காரன் வருகிறான். ஆயுதத்தோடு யாரையும் உள்ளே விடமாட்டான். அவன் குரலில் பேசினேன். பெஞ்சமின் தன் கைத்தடியை நீட்டினான். "இந்தக் கொரலு சூப்பரா கீது மச்சான். இப்டி படிச்சிருந்தா நான் ஏன் திருப்பி அனுப்பப் போறேன்?" அவன் என்னைப் பாராட்டியது அதுதான் முதல்முறை. சந்தோஷமாக இருந்தது. அதற்காக எழுதியதை மாற்ற முடியுமா?

ஆடும் கல் எது, பாசி எங்கே, எந்தப் பக்கம் சாய வேண்டும், எல்லாம் சரியாகச் சொன்னேன். ஒரு இடத்திலும் அவன் வழுக்கவில்லை. நுனிவரைக்கும் பத்திரமாகக் கொண்டுபோனேன்.

"இப்போ எதுக்கால இன்னா கீது மச்சான்?"

நான் வாயை மூடிக்கொண்டேன்.

முறை தன்னுடையது என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. மேடான புள்ளிகள் வைத்த தன் பகடையை உள்ளங்கையில் குலுக்கி, கட்டைவிரலால் தடவிப் பார்த்தான். முகம் மலர்ந்தது. "ஆறு மச்சான். தாண்டுறேன்."

தாண்டினான்.

தள்ளினேனா என்று கேட்கிறீர்கள். ஒரு கையில் ரெக்கார்டர், மறு கையில் அவன் தடி. பொய் சொன்னேனா? ஒன்றுகூட இல்லை. தடியை மணல் போகத் துடைத்து ஜெனிட்டாவிடம் நானே கொடுத்தேன். வேறு யார் செய்வார்கள்?

பதிவு உங்கள் மேசைமேல்தான் இருக்கிறது. முடிவில் அமைதி தாராளமாக விட்டிருக்கிறேன். அலைக்கு நடுவே 'மச்சான், மச்சான்' என்று அவன் கொஞ்ச நேரம் கூப்பிட்டது விழுந்திருந்தது. அந்த இடங்களை மட்டும் வெட்டி எடுத்துவிட்டேன். இப்போது சுத்தமாக இருக்கிறது. கேட்டுப் பாருங்கள், மேடம். பெஞ்சமினே கேட்டாலும் இதைத் திருப்பி அனுப்ப மாட்டான்.