பாரீஸ் எண்ணும் பலராமன் நோட்டும்

தலைமையேற்றிருக்கும் உயிர்த்துணை ஆம்புலன்ஸ் சங்கத் தலைவர் சின்னக்கண்ணு அவர்களே, வண்டியை வாசலில் தயாராக நிறுத்திவிட்டு ஒரு காதை மட்டும் இங்கே வைத்திருக்கும் டிரைவர்களே, கண்ணீரோடு கூடியிருக்கும் புதுச்சேரிப் பெருமக்களே!

இந்த மேடையில் பேச எனக்குத் தகுதியில்லை என்று சொல்வது வழக்கம். என் விஷயத்தில் அது வழக்கமல்ல, வாக்குமூலம். நம் பலராமன் காப்பாற்றிய உயிர் ஒன்றை, அவருக்கு இரண்டு நிமிடம் முன்பு போனை வைத்துக் கைகழுவிய மகான் நான்தான்.

2006, மாசி மாதம். காலைப் பலகாரம் முடித்து, பல் குத்திக்கொண்டே கன்ட்ரோல் ரூமில் உட்கார்ந்திருக்கிறேன். மணி அடித்தது. திரையில் பிரான்ஸ் எண். ஓர் அம்மாள் மூச்சிரைக்கப் பேசினார். “சீக்கிரம் வண்டி அனுப்புங்க, அவரு விழுந்துட்டாரு.” எங்கிருந்து என்றேன். “மவன் குடுத்த பாரீஸ் போன்லேர்ந்து பேசறேன். சொல்தா வீடுன்னா எல்லாருக்கும் தெரியுமே!”

பிரெஞ்சு ராணுவத்தில் சிப்பாயாக இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தா வீடு நம் ஊரில் ஒன்றா, இரண்டா? எனக்கோ எண்தான் கண்ணில் நின்றது. “பாரீசுக்கு இங்கேர்ந்து வண்டி வராதும்மா” என்று புத்திமதி சொல்லி வைத்துவிட்டேன். சொன்னதைப் பக்கத்து இருக்கையில் இருந்த பலராமனிடம் பெருமையாக வேறு சொன்னேன்!

அவர் என்னைத் திட்டினாரா? இல்லை. எண்ணைக் குறித்துக்கொண்டு எழுந்தார். நம் ஆபீஸ் போனில் வெளிநாட்டு லைன் பூட்டியிருந்தது. எதிர் எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினார். நான் பின்னாலேயே போனேன், வேடிக்கை பார்க்க. அந்த அம்மாள் பேசியது இன்டர்நெட் வழியே பேசும் ஒரு பொட்டியில்; மகன் பாரீசில் வாங்கி இங்கே கொடுத்தது. அதனால் எண் மட்டும் அந்த ஊர் எண். பொட்டி எந்த வீட்டில் இருக்கிறது என்று எண்ணைப் பார்த்துச் சொல்ல ஆளில்லை. இது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அவருக்கு எப்படித் தெரிந்தது? அவர் கேட்டார், அவ்வளவுதான்.

“அம்மா, அழாதீங்க. வாசல்ல நின்னா எதிர்ல என்ன தெரியுது?”

“மாவு மெஷினு. அந்தாண்ட சின்ன மணிக்கூண்டு.”

நாலே தெரு! பிரான்ஸுக்குப் போன குரல் நாலாவது தெருவில் இறங்கியது. வண்டியும் இறங்கியது. அன்று விழுந்த சொல்தா ஐயா, நாம் ‘மிசே’ என்று மரியாதையாகக் கூப்பிடும் அம்மாவாசை, இதோ முதல் வரிசையில், தொப்பியோடு உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில், அன்று போன் செய்த அவர் மனைவி சின்னப்பாப்பா அம்மாள். என்னை இன்றுவரை அவர் மன்னிக்கவில்லை, பார்வையிலேயே தெரிகிறது.

நாமாக இருந்தால் இந்தக் கதையை நாலு கல்யாணத்தில் சொல்லிவிட்டு ஓய்ந்திருப்போம். பலராமன் ஒரு நீள நோட்டு வாங்கினார். லீவு நாளெல்லாம் சைக்கிள். வீராம்பட்டினம் என்ன, தவளக்குப்பம் என்ன, வீடு வீடாக ஏறி, “உங்க வீட்ல பாரீஸ் போன் இருக்குதா?” என்று கேட்டார். வரிக்காரர் என்று பயந்து பொட்டியைப் புடவைக்கடியில் ஒளித்த வீடுகள் உண்டு. பெயர் சொல்ல மாட்டேன், அவர்களும் வந்திருக்கிறார்கள். எண், கதவு இலக்கம், எதிரே என்ன இருக்கிறது என மூன்றையும் எழுதிக்கொள்வார். விலாசத்தைக் கொட்டை எழுத்தில் எழுதிப் பொட்டிக்கு மேலே ஒட்டிவிட்டும் வருவார்.

“பொட்டிக்கு ஊடு தெரியாதுபா. நாமதான் சொல்லிக் குடுக்கணும்” என்பார்.

அந்த நோட்டைப் பார்த்து இந்த மூன்று வருடத்தில் ஐந்து வீடுகளுக்கு வண்டி நேராகப் போயிருக்கிறது. போன செவ்வாய்க்கிழமை பலராமன் தூக்கத்திலேயே போய்விட்டார். நம் வண்டியை ஓடவிடாமல் போன முதல் ஆள் அவர்தான். அந்த நோட்டும் அவரோடு போய்விடலாமா? விடமாட்டோம்! வரும் ஞாயிறு முதல் கன்ட்ரோல் ரூம் சிவசங்கரியும் நானும் வீடு வீடாக வருகிறோம். வீடு மாறியவர்கள் மறைக்காமல் சொல்லுங்கள். பழைய விலாசம், விலாசம் இல்லாததைவிட மோசம். இது அவர் இருக்கை மேல் ஆணை!

நேற்று அவர் துணைவியார் பாக்கியலட்சுமி அம்மாள் நோட்டை என் கையில் கொடுத்தார். என் மகள் பிரான்ஸ் நாட்டு லியோனிலிருந்து அனுப்பிய பொட்டியும் அதில் இருக்கிறதா என்று தேடினேன். முதல் பக்கத்திலேயே இருந்தது: முத்தியால்பேட்டை, கதவு எண், எதிரே சலூன்.

நான் லாஸ்பேட்டைக்குக் குடிபோய் இரண்டு வருடம் ஆகிறது. பொட்டியை மறக்காமல் எடுத்துப் போயிருக்கிறேன்.