இலையை விட்டு எழுந்த டைரக்டர்கள்

நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடியிருந்ததால் பேருந்து நின்றுவிட்டது. மடியிலிருந்த குழந்தைக்குப் புழுக்கமாக இருக்குமோ, ஜன்னலைத் திறந்தால் தூசி படுமோ என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, முன் இருக்கைக்காரர் சொன்னது காதில் விழுந்தது.

“டைரக்டருங்க எல்லாரும் சாப்பிடாம எந்திரிச்சுப் போனதுதான் நமக்கு நல்லதாப் போச்சுக்கா.”

அவர் சர்க்கரை ஆலை கேன்டீனில் சமைப்பவர் என்று பேச்சில் தெரிந்தது. பக்கத்தில் இருந்த அம்மாளுக்கு ஆலையைத் தாண்டி, ஆலையோரம் ஓடும் வாய்க்காலின் பாசனத்தில் நிலம்.

“ஏன் தம்பி, சாம்பார்ல உப்பு கூடிடுச்சா?”

“நானும் அப்படித்தான் நெனச்சேன். எப்பவும் மெட்ராஸ்ல கூடுற ஆலை போர்டு, போன ஐப்பசியில இங்க கூடுச்சு. காத்தோட்டமா இருக்கட்டும்னு வாய்க்காலோரக் கொட்டகையில எலை போட்டேன். ஒரு டைரக்டரம்மா மூக்கைப் பொத்திக்கிட்டு, ‘என்ன நாத்தம் இது?’ன்னாங்க. ‘எந்த நாத்தம்மா?’ன்னு கேட்டுட்டேன்.”

“நெசமாவா?”

“பன்னெண்டு வருஷமா அங்கேயே இருக்கேன், மூக்கு பழகிப்போச்சு. மேனேஜர் என்னை வேலைய விட்டே தூக்குறேன்னாரு. அந்தம்மாதான், ‘அவரை விடுங்க, ஆலைக் கழிவு எங்க போவுது?’ன்னு கேட்டாங்க. வருஷா வருஷம் தள்ளிப்போட்ட சுத்திகரிப்புத் தொட்டிக்கு அன்னிக்குச் சாயங்காலமே கையெழுத்தாச்சு. தை மாசம் கட்டி முடிச்சாங்க. உங்க பக்கம் இப்ப தண்ணி எப்படிக்கா?”

“போன வருஷம் நாத்து பூரா கருகிடுச்சு. நேத்து நடவு. பொம்பளைங்க வாய்க்கால்லயே கை கழுவிட்டு, வரப்புல உக்காந்து சாப்பிட்டாங்க.”

ரயில் போய், கேட் திறந்தது. அம்மாள் சிரித்தார்.

“அடுத்த மீட்டிங்குக்கும் அங்கேயே எலை போடு தம்பி. இப்ப ரெண்டாவது தடவையும் சோறு கேப்பாங்க.”